கவாத்துக் கத்தி படாத செடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையில் எஸ்டேட்டின் பெயர் இருக்காது. திருவனந்தபுரம் பக்கத்து விதுராவைத் தாண்டி மலைப்பக்கம் போகும் சாலைகளில் ஒன்றில் பிரிந்து, ஒரு வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்து போக வேண்டும் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். வழக்கமாக டீக்கடையில் கழிப்பறை உண்டா என்பது வரை எழுதுகிறவன் நான். இந்த முறை ஏன் மறைக்கிறேன் என்பது போகப் போகப் புரியும். புரிந்த பிறகும் கோபம் வந்தால், வரட்டும்.

போனது சென்ற டிசம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை. நானும் என் அக்கா பாக்கியமும். நாங்கள் இரண்டு பேரும் அந்த எஸ்டேட்டின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள். தாத்தா காலத்தில் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். எஸ்டேட் மூடியதும் பிழைப்புக்காகத் திருவனந்தபுரத்துக்கு இறங்கினோம். நான் கரமனையில் ஒரு அச்சகத்தில் சேர்ந்தேன். அக்கா சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் வாடகைக்கு வீடு பிடித்து, ஒரு ஹோட்டலில் சமையலுக்குப் போனாள். அத்தான் இறந்து மூன்று வருடமாகிறது. அக்காவின் முழங்கால்களும் மக்கர் செய்ய ஆரம்பித்துவிட்டன. அம்பாசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்த மகள், இனி தன்னோடு வந்து இருக்கும்படி ஒரேயடியாகக் கூப்பிட்டுவிட்டாள். பொங்கலுக்கு முன் போவதாக முடிவானது.

வீட்டுச் சாமானை எல்லாம் கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா என்னிடம் கேட்டாள்.

"தம்பி, மூத்தவகிட்ட சொல்லாம நான் போக மாட்டேன் கேட்டியா. ஒரு தடவ மேல கூட்டிட்டுப் போ."

மூத்தவள் என்பது அக்காவின் முதல் குழந்தை. பிறந்து ஒரு வாரம்கூட இருக்கவில்லை. பெயர் வைக்கவில்லை. அப்போது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பத்து. அத்தான் ஒரு துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனது எனக்கு நினைவிருக்கிறது. பின்னால் போகப் பார்த்த என்னை அம்மா பிடித்து இழுத்து உள்ளே தள்ளினாள்.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பெரியவர்களுக்கு ஆற்றோரம் தனியாகச் சுடுகாடு உண்டு. பெயர் வைக்காத குழந்தையை அங்கே கொண்டுபோக மாட்டார்கள். தாய் எந்த நம்பரில் கொழுந்து எடுக்கிறாளோ அங்கேயே, ஒரு தேயிலைச் செடியின் அடியில் புதைப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்காக: எஸ்டேட்டில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு நம்பர் உண்டு, எங்களுடையது ஏழாம் நம்பர். சில வருடங்களுக்கு ஒருமுறை செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதற்குக் கவாத்து என்று பெயர். தேயிலைச் செடி இடுப்புயரத்தில் நிற்பது இந்தக் கவாத்தாலும், வாரா வாரம் கிள்ளுவதாலும்தான். விட்டால் அது மரமாகிவிடும். குழந்தையைப் புதைத்த செடிக்கு மட்டும் கவாத்து ஆட்கள் கத்தி வைக்க மாட்டார்கள். பெண்கள் அதில் கொழுந்து கிள்ள மாட்டார்கள். சுற்றிலும் மட்டமாக வெட்டிய பச்சையில் அந்த ஒன்று மட்டும் வளர்ந்து, பூத்து, தனியாக நிற்கும். மேனேஜர்மார் எத்தனையோ பேர் மாறினார்கள். எல்லாரும் ஒரு தடவை கேட்பார்கள், அப்புறம் கேட்க மாட்டார்கள்.

கல் இல்லை, பெயர் இல்லை. சுற்றியிருப்பதை வெட்டுவதுதான் அடையாளம். அத்தானே கவாத்து ஆள் என்பதால், ஒவ்வொரு முறையும் அவர்தான் அந்தச் செடியைச் சுற்றி வெட்டிக்கொண்டு போவார். அக்கா எஸ்டேட் மூடும்வரை அதன் பக்கத்திலேயே கொழுந்து எடுத்தாள்.

இனி பயணம். காலை 5.50க்குத் தம்பானூர் பஸ் நிலையத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் போகும் அரசு பஸ். விதுரா 37 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், ஒருவருக்கு ஐம்பது ரூபாய்க்குள் ஆகும். இடப்பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்று எழுதியிருப்பேன், ஆனால் டிசம்பர் விடியலில் வெயிலைத் தேடித்தான் உட்கார வேண்டியிருந்தது. அக்கா மடியில் ஒரு சின்னப் பை வைத்திருந்தாள். அதில் ஒரு பால் பாக்கெட், ஒரு பொட்டலம் பொரிகடலை, கற்பூரம். காட்டுக்குள் கற்பூரம் கொளுத்த விடமாட்டார்கள் என்று சொன்னேன். "கொளுத்துனாத்தானா? கையில இருக்கட்டும்" என்றாள்.

விதுராவில் புட்டும் கடலையும் சாப்பிட்டோம், இரண்டு பேருக்கும் டீயோடு நூற்றிருபது ரூபாய். அங்கிருந்து ஜீப். போய்வரவும் காத்திருக்கவும் சேர்த்து 2,200 கேட்டார் டிரைவர் ஷாஜி. பேரம் பேசிப் பார்த்தேன், இறங்கவில்லை. வண்டியை எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"சாரே, பேய் பங்களா காணத்தானே?"

இந்தப் பக்கத்து மூடிய எஸ்டேட்டுகளில் எல்லாம் பாழடைந்த பங்களா ஒன்று இருக்கும். அதில் வெள்ளைக்காரப் பெண்ணின் ஆவி இருப்பதாகக் கதை கட்டி, ஒரு கூட்டம் கேமராவோடு அலைகிறது. நூறு வருடம் அந்த மலையில் வெயிலிலும் அட்டையிலும் நின்று செத்தவர்கள் ஒருவர்கூட ஆவியாகவில்லை, பங்களாவில் இருந்தவர்கள் மட்டும் ஆகிவிட்டார்கள். நான் ஏதோ கடுப்பாகச் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"இல்ல மோனே. நாங்க அவிட லயத்துல பிறந்தவங்க. எம் பிள்ளயப் பாக்கப் போறோம்."

"பிள்ள அவிடயா இருக்கு?"

"ஆமா. ஏழாம் நம்பர்ல."

ஷாஜிக்கு முழுதும் புரிந்திருக்காது. ஆனால் அதன்பின் பேய்ப் பேச்சு எழவில்லை. சோதனைச் சாவடியில் என் அடையாள அட்டையையும், இரண்டு வாரம் முன்பே வாங்கி வைத்திருந்த அனுமதியையும் காட்டினேன். எங்களுடன் ஒரு வனக்காவலரை அனுப்பினார்கள். அவரை பிஜு என்று அழைப்போம், அது அவர் பெயரில்லை. நாற்பது வயதிருக்கும். காணிக்காரர், அதாவது அந்த மலைகளிலேயே தொன்றுதொட்டு வாழும் சனம். அவர் பேசும் தமிழும் மலையாளமும் பிரித்துச் சொல்ல முடியாதபடி கலந்திருந்தது. எங்கள் வீட்டுத் தமிழும் ஏறக்குறைய அந்த லட்சணம்தான்.

சாவடியிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். தார் போய்ப் பல வருடமான சாலை, முக்கால் மணி நேரம் குலுக்கி எடுத்துவிட்டது. அக்கா முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லயத்தின் கூரைகள் உள்ளே விழுந்திருந்தன. எங்கள் வீடு எது என்று கண்டுபிடிக்க நான் இறங்கினேன். அக்கா இறங்கவில்லை. "அதத் திரும்பி வரும்போது பாத்துக்கலாம்" என்றாள்.

லயத்துக்கு மேலே ஏறும்போது இடக்கைப் பக்கம் ஒரு காடு வரும். எங்கள் சிறுவயதுக் காடு அதுதான். மேல்காடு என்போம். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இந்தக் கட்டுரை நகராது.

மேல்காட்டின் மரங்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். மெல்லிய தண்டு, மேலே கூடிய கிளைகள், கார்த்திகை மார்கழியில் நடுவில் மஞ்சளோடு வெள்ளைப் பூ. அவை தேயிலை மரங்கள் என்பது எங்களுக்குத் தெரியும். கவாத்து படாத தேயிலை என்றால் அதனடியில் ஒரு குழந்தை இருக்கிறது என்பதும் தெரியும். அப்படியானால் மேல்காடு முழுக்கக் குழந்தைகள் என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம். எத்தனை நூறு மரம், அத்தனை நூறு பிள்ளை. அதனால் அங்கே நாங்கள் சத்தம் போட்டு விளையாடியதே இல்லை. கண்ணாமூச்சிகூடக் கிசுகிசுப்பாகத்தான் நடக்கும். கொய்யாப்பழம் கொண்டுபோனால் முதல் கடி ஒரு மரத்தடிக்குப் போய்விடும். ஒரு மரத்துக்கே தினமும் கொடுத்தால் மற்றவை கோபித்துக்கொள்ளும் என்று முறை வைத்துக் கொடுத்தோம். பயமில்லை. கொஞ்சம் மரியாதை, அவ்வளவுதான். எங்களைவிட எண்ணிக்கையில் அவர்கள் அதிகம் என்ற எண்ணம் எப்போதும் இருந்தது.

மூத்தவளைப் புதைத்த வருடம், அவளும் மேல்காட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போவாளா என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அங்கே பிள்ளைகள் யாரும் இல்லை என்று அன்றுதான் சொன்னார். அது எங்கள் தாத்தா வருவதற்கும் முன்னால் போட்ட தேயிலை. காற்று அதிகம், காய்ச்சல் அதிகம், ஆட்கள் நிற்கவில்லை. வெள்ளைக்காரன் அதைக் கைவிட்டுக் கீழே புதிதாகக் காடு வெட்டிப் போட்டான். வேலை செய்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள், எங்கே போனார்கள் என்று அப்பாவுக்கும் தெரியாது. அதைக் கேட்டு நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். மாறாக அழுகை வந்தது. அத்தனை நாள் கூட விளையாடியவர்கள் ஒரே நொடியில் இல்லாமல் போனார்கள்.

இத்தனையும் தெரிந்த எனக்கு, வரப்போவது என்ன என்று ஒரு நிமிடமாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அக்காவுக்கும் தோன்றவில்லை. அவள் மனதில் இருந்தது எஸ்டேட் மூடிய நாளன்று பார்த்த ஏழாம் நம்பர்.

ஜீப்பை நிறுத்திவிட்டு ஒன்றரை கிலோமீட்டர் நடை. அக்காவின் முழங்காலுக்காக நின்று நின்று போனோம். வளைவு திரும்பியதும் பிஜு கையைக் காட்டினார். "அக்கா, இதாக்கும் ஏழாம் நம்பர்."

அங்கே தோட்டம் இல்லை. மலைச்சரிவு முழுக்க மரங்கள். எல்லாச் செடியும் இரண்டாள் உயரத்துக்கு வளர்ந்து, ஒன்றோடொன்று கிளை கோத்து, இடையில் உண்ணிச்செடியும் கொடிகளும் மண்டிக் கிடந்தன. எல்லாம் பூத்திருந்தது. அத்தனையும் வெள்ளை.

அக்கா கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளுக்குப் புரிந்ததை அவள் முகத்தில் நான் பார்த்தேன்.

"எல்லாத்தயும் விட்டுட்டானுவளே தம்பி," என்றாள். "எல்லாம் அவள மாதிரி ஆயிட்டே. நான் எங்க போய்த் தேட?"

எஸ்டேட் மூடியபோது எங்களுக்கு வேலை போனது, வீடு போனது. அதற்கெல்லாம் கூட்டம் போட்டோம், கொடி பிடித்தோம். கவாத்து நின்றால் இதுவும் போகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அக்கா பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். அத்தான் சாவுக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "வெட்டிப் போட்டிருந்தா எம் பிள்ள தெரிஞ்சிருப்பா. ஒரு அடையாளம்கூட இல்லாம ஆக்கிட்டானுவ."

பிஜு சற்றுத் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் அழுது ஓய்ந்த பிறகுதான் பேசினார்.

"எங்க ஆளுகளயும் இவிடதான் அடக்கியிருந்நது அக்கா. தேயில வைக்கும் முன்ன. பெரிய மரம் நிக்குமாம், அதுதான் அடையாளம். காடு வெட்டினப்போ மரம் போச்சு. எவிடன்னு இப்ப ஆருக்கும் அறியாது."

குற்றம் சொல்லும் குரலில்லை. வழி சொல்வதுபோல் சொன்னார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"அப்போ நாங்க ஒங்க ஆளுக மேல நின்னுட்டா கொழுந்து எடுத்தோம்?"

"எடுத்தா என்ன? வேற எவிட நிக்கும்? எணீற்று வாங்க, தேடி நோக்கலாம்."

எனக்கு ஒரு யோசனை வந்தது, அதற்கும் முன்னால் அக்காவுக்கே வந்துவிட்டது. மற்றச் செடிகள் வளரத் தொடங்கியது எஸ்டேட் மூடிய பிறகு. அவளுடையது அதற்கு இருபது வருடம் முன்பே வளரத் தொடங்கியது. தண்டு தடித்திருக்கும். ஏழாம் நம்பரின் மேல்மூலையில், ஒரு சாய்ந்த பாறைக்குக் கீழே என்று இடமும் அவளுக்கு நினைவிருந்தது. பிஜு முன்னால் கொடிகளை விலக்க, நான் அக்காவின் கையைப் பிடிக்க, சரிவில் ஏறினோம். பாறையை அடையும்போது மணி பதினொன்றரை.

பாறைக்குக் கீழே தடித்த தண்டுள்ள மரங்கள் இரண்டு இருந்தன. நாலு முழ இடைவெளி. இரண்டும் ஒரே பருமன்.

"இன்னொண்ணு பொன்னம்மா பிள்ள," என்றாள் அக்கா. பொன்னம்மா பக்கத்து லயத்துக்காரி. அதே வருடத்தில் அவளுக்கும் ஒரு ஆண்பிள்ளை பிறந்து தவறியது. எஸ்டேட் மூடுவதற்கு வெகுமுன்பே அந்தக் குடும்பம் மலையிறங்கிப் போய்விட்டது, எங்கே என்று தெரியாது. "அவளோடது மேல, என்னோடது கீழயா… இல்ல, என்னோடது மேலயா? அப்ப எடயில ஒரு வடிகால் கெடந்துது. அதக் காணல."

இரண்டு மரத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றின் அடியில் உட்கார்ந்து மண்ணைத் தடவினாள். எழுந்துபோய் மற்றதன் அடியில் உட்கார்ந்தாள். கடைசியில் பாலை இரண்டுக்கும் பாதிப் பாதியாக ஊற்றினாள். பொரிகடலையையும் அப்படியே பங்கிட்டாள். கற்பூரத்தை எடுக்கவே இல்லை.

அத்துடன் கிளம்புவோம் என்று நினைத்தேன். அக்கா புடவையை இடுப்பில் வரிந்து சொருகிக்கொண்டு, பக்கத்து மரத்தின் தாழ்ந்த கிளையை வளைத்துப் பிடித்தாள். இரண்டு இலை, ஒரு மொட்டு. கிள்ளினாள். அடுத்தது. அடுத்தது. கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசினாள், கூடை இருப்பதாக நினைத்து. கொழுந்து தரையில் விழுந்தது.

"என்ன அக்கா பண்ற?"

"சுத்தி நிக்கறதக் கிள்ளினாத்தான் இதுக தெரியும். ரெண்டயும் விட்டுரு, மத்ததுல கை வை."

எங்கள் குடும்பத்தில் ஆண்கள் கொழுந்து எடுத்ததில்லை, கவாத்து வெட்டத்தான் போவார்கள். நான் அதற்கும் போகாமல் பள்ளிக்கூடம் என்று தப்பித்தவன். எனக்குக் கிள்ள வரவில்லை, கிளையோடு பிய்ந்தது. "நகம் படாம, விரல் நுனில. அது என்ன செஞ்சுது ஒன்ன?" என்று அக்கா அதட்டினாள். கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் சரசரப்புக் கேட்டுத் திரும்பினால், பிஜு தொப்பியைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டுக் கீழ்ப்பக்கத்து மரங்களில் கிள்ளிக்கொண்டிருந்தார். காட்டில் இலை கிள்ளுவதைத் தடுக்க வேண்டியவர் அவர்; எஸ்டேட் பெயரை மறைத்ததற்கும் அவர் பெயரை மாற்றியதற்கும் இதுதான் காரணம்.

கைக்கு எட்டிய உயரம் வரைதான் முடிந்தது. தளிரோடு பூவையும் சேர்த்து மூன்று பேரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிள்ளினோம். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு மரங்கள் இளந்தளிரும் பூவும் இழந்து, கரும்பச்சையாக நின்றன. நடுவில் அந்த இரண்டு மட்டும் தளிரும் பூவுமாக இருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பக்கத்தில் நின்றால் தெரியும்.

"அக்கா, மதி, போதும். ஆன எறங்குற சமயமாச்சு," என்றார் பிஜு.

அக்கா இரண்டு மரங்களுக்கும் நடுவில் நின்று ஏதோ சொன்னாள். நாங்கள் கேட்காத தூரத்தில் தள்ளி நின்றோம். இறங்கும்போது வழியில் பிஜுவிடம், "ஒங்க ஆளுக எடம் எந்தப் பக்கமா இருக்கும்? ஒரு ஊகம் சொல்லேன்" என்று கேட்டாள். அவர் சரிவு முழுவதையும் கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வலிக்கும் முழங்காலோடு, ஜீப் வரை வெறுங்காலில் நடந்தாள். எங்கள் வீட்டைப் பார்க்க லயத்தில் இறங்கவே இல்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

இந்த மலைகளுக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அனுமதி இல்லாமல் போகாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். மதியம் இரண்டுக்குள் சாவடிக்குத் திரும்பிவிடுங்கள், யானை விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். விதுராவுக்கு மேல் செல்போன் சிக்னல் கிடையாது. குடிதண்ணீர் கொண்டுபோங்கள், பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். டிசம்பரில் அட்டை குறைவு, மழைக்காலமென்றால் உப்பும் புகையிலையும் வேண்டும். கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள், நாலரை மணி பஸ்ஸைப் பிடித்தால் இருட்டுவதற்குள் தம்பானூர். பாழடைந்த எஸ்டேட்டுகளில் தேயிலை மரங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால், அழகான காடு என்று படம் எடுப்பீர்கள். எடுங்கள். அது யாரோ வேலை செய்த இடம், அதற்கு முன் யாரோ வாழ்ந்த இடம். கொஞ்சம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு எடுங்கள்.

அக்கா ஜனவரியில் அம்பாசமுத்திரம் போய்விட்டாள். போன வாரம் போனில் பேத்தியின் பள்ளிக்கூடம், வெயில், ரேஷன் கார்டு என்று எல்லாம் பேசி முடித்து, வைக்கப்போகும் நேரத்தில் சொன்னாள்.

"கிள்ளுனது எல்லாம் இந்நேரம் திரும்பத் தளிர்த்திருக்கும் தம்பி. பத்துப் பதினஞ்சு நாள் போதும் அதுக்கு."

அத்தனை வருடம் கொழுந்து எடுத்தவளிடம் இல்லையென்று எப்படிச் சொல்வது? ஆமாம் என்றேன்.

"போட்டும். அன்னைக்கு ஒரு நாள் ரெண்டு பிள்ளையும் தனியாத் தெரிஞ்சுதுல்ல?"

"தெரிஞ்சுது அக்கா."

"நல்லாத் தெரிஞ்சுது," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.